அம்மா கழுவிய மீன்

யுத்தத்துக்குப் பயந்து சென்னையே காலியாகிக்கொண்டிருந்த வருஷம் அது. குண்டு விழும் என்று எல்லோரும் மூட்டை கட்டினார்கள். நானும் தகரப் பெட்டியோடு திருத்தணியில் வந்து இறங்கினேன். விலங்கியலில் பி.ஏ. முடித்திருந்தேன். ஆதிகால மீன்கள் எப்படி மாறி மாறி இன்றைய மீன்களாயின என்பதுதான் அப்போது எனக்குப் பைத்தியம். புறப்படும்போது பேராசிரியர், "இந்தப் பாடம் பாதி உயிருள்ள மீனில் இருக்கிறது, பாதி கல்லில் இருக்கிறது. இரண்டையும் தேடிக் கொண்டுவா, ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் நைனாவும் ஒரு கெடு வைத்தார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தறி ஓடுகிற வீடு. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ஆடி முடிஞ்சதும் பள்ளிப்பட்டுலேருந்து பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள உன் வாத்தியாருக்குக் காட்ட எதுனா கெடைச்சா, படி. இல்லியா, பேசாம கழுத்த நீட்டு."

உயிருள்ள மீனுக்கா பஞ்சம்? ஏரியிலிருந்து ஒரு விரால் வாங்கிவந்து கொல்லைத் தொட்டியில் விட்டேன். அது அடிக்கடி மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். யுகங்களுக்கு முன்னால் வேறொரு மீன் கூட்டம் இப்படிக் காற்றுக்குப் பழகித்தான் கரையேறியது. விரால் அந்த வம்சமில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியிருக்கும் என்பதை அதனிடம் பார்க்க முடிந்தது. தொட்டியோரம் உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துவிடும். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆடி மாசத்துல ஊட்டுல கவுச்சியா? முருகா, இவளுக்கு இன்னா வந்துச்சு!"

கல்லும் கிடைத்தது. அக்கா புருஷன், எங்கள் பாவா, கனகம்மாசத்திரம் பக்கத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். ஆழத்தில் அப்பளம் அடுக்கினாற்போல வெளுத்த களிமண் கல். அதில் ஒரு துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இன்னா பாரு, மீனு மாரி கீது" என்று நீட்டினார்.

விரல் நீள மீன். தலை இல்லை. ஆனால் அந்தச் செதில்கள்! தொட்டி விராலின் செதில் வட்டமாய், மெலிசாய் இருக்கும். இவையோ சாய்சதுரமாய், தடிப்பாய், பளபளவென்று வரிசை பிசகாமல் பதிந்திருந்தன. பழங்கால மீன்கள் போட்டிருந்த கவசம் அது. உதிர்ந்த விரால் செதில் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். கழுத்தை நீட்ட வேண்டியதில்லை என்று தொட்டியிலிருந்த விராலிடம் சொன்னேன்.

ஆடிக் கிருத்திகையன்று அக்கா காவடி எடுத்தாள். நானும் கூடவே மலையேறினேன். திரும்பி வந்தால் வாசலெல்லாம் செருப்பு. உள்ளே சாமி மாடத்தில், வாழையிலையில் என் கல். கிணற்றுக்குள்ளிருந்து வந்த கல்லில் மீன் உருவம், அதுவும் கிருத்திகையன்று கண்ணில் பட்டால் அம்மா என்னவென்று நினைப்பாள்? மச்சாவதாரம் என்று நினைத்துவிட்டாள். தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்து, பாலும் தயிரும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி அபிஷேகம் செய்திருந்தாள். தெருவே வந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டிருந்தது. கல் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து, மஞ்சள் சேறாகக் கிடந்தது. மீன் இல்லை.

"ஐயோ, என் மீனு! என் படிப்பையே கரைச்சுத் தீர்த்தம் குடுத்துட்டியேம்மா!"

வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"உருவம் நல்லா தெரியட்டும்னுதாண்டி வெளக்குனேன். சாமிய யாருனா அழுக்கா வெப்பாங்களா?" என்றாள் அம்மா. என் கையைப் பிடிக்க வந்தாள். எனக்கு அப்போது ஈவிரக்கமே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது அம்மா தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு நின்றாள். "கெளம்பு."

பாவாவின் கிணற்று மேட்டில், தோண்டிப் போட்ட மண் மலையாகக் குவிந்திருந்தது. ஆடியில் மீன் வாங்கிய பையைக்கூடத் தொடாத மனுஷி அரிவாளோடு அதில் உட்கார்ந்து கல் பிளந்தாள்.

"இதுவா பாரு?"

"அது எலைம்மா."

"இது?"

"வெறும் மண்ணு."

இலையும் தழையுமாகவே வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாவின் உள்ளங்கை கன்றிச் சிவந்துவிட்டது. போதும் வாம்மா என்றால் முறைத்தாள். பொழுது சாயும் நேரம், "அடியே! கட்டங் கட்டமா கீது பாரு!" என்று ஒரு கத்தல். ஆமாம், அதே சாய்சதுரச் செதில்கள், முழு மீனில்லை, உள்ளங்கையளவு. மண்ணைத் தட்டப் போன என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"தொடாத. ஊதக்கூட ஊதாத. அப்படியே எடுத்துக்கினு போ."

நைனா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொண்ணு பார்க்க வர வேண்டாம் என்று அன்றைக்கே ஆள் அனுப்பினார். சொன்னால் சொன்னதுதான், அந்த மனுஷர்.

சென்னையில் பேராசிரியர் துணியைப் பிரித்ததும், "ஏன் இவ்வளவு மண்? கழுவிக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார்.

"எங்கம்மா விடலீங்க."

சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் என்னைக் கவனிக்காமல் தூரிகையால் மண்ணைத் தள்ளி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் கொண்டுபோயிருந்த விரால் செதிலை அதன் பக்கத்தில் வைத்து மறுபடியும் பார்த்தார். காலேஜ் திறந்ததும் வந்து சேர்ந்துகொள் என்றார்.

ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓட்டமாக ஓடினேன். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"எடுத்துக்கினாங்கம்மா! ஆராய்ச்சிக்கு எடுத்துக்கினாங்க!"

"ஆங்?" என்று எழுந்தாள். முகமெல்லாம் பூரித்து என் கன்னத்தை வழித்தாள். பிறகு கை மெல்ல இறங்கியது.

"அப்போ நீ இங்க இருக்க மாட்டியா? பள்ளிப்பட்டு மாப்பிள்ளைன்னா கூப்பிடற தூரத்துல நீ இருப்பேன்னு நெனைச்சேன்டி. வெயில்ல குந்தி, நானே தேடி எடுத்துக் குடுத்து உன்ன அனுப்பிட்டேனே" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.