எந்த மரம், எத்தனை மணிக்கு

கடைக்கு வந்தவர் முன்னே மர ஸ்டூலைக் காலால் தள்ளுகிறார் மார்லிஸ் ட்வெய்ட். "உக்காரு. ரெண்டு காலையும் தரையில இருந்து தூக்கு. இப்ப இழு." வில் வாங்க வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இந்தப் பரீட்சைக்குத் தப்ப முடியாது. கால்கள் அந்தரத்தில் தொங்க, வில்லைக் கூரையை நோக்கித் தூக்காமல், நேரே நீட்டியபடி நாணை முகம்வரை இழுக்க வேண்டும். மானுக்காக மரத்தின்மேல் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவுதான் இடம். அதற்குமேல் அசைந்தால் மான் பார்த்துவிடும். இழுக்க முடியாதவருக்கு அந்த வில்லை அவர் விற்பதில்லை.

வயது அறுபத்தொன்று. நரைத்த பின்னலைச் சட்டைக் காலருக்குள் செருகியிருப்பார். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி தொங்கவிடும் கழுத்துக் கயிற்றில் இவருக்குத் திருகுசாவிகள் தொங்கும். கண்ணாடியைத்தான் நாளெல்லாம் தேடுவார். வடக்கு விஸ்கான்சினில், பெயின்ட்டும் ஆணியும் பறவைத் தீனியும் விற்கும் கடையின் பின்மூலை அவருடைய இடம். அதிகம் பேசமாட்டார். யாராவது வெறும் நாணை இழுத்துப் பார்த்தால் மட்டும் குரல் உயரும். "அம்பில்லாம விட்டுடாத. அம்பு வாங்கிக்க வேண்டிய அடிய வில்லே வாங்கிக்கும். ஒடஞ்சு உன் மூஞ்சிக்கே வரும்."

வேட்டைப் பருவம் திறக்க இரண்டு நாள் இருந்த வியாழக்கிழமை கெண்டல் ஓசியர் வந்தான். முப்பத்திரண்டு வயது, வசந்த காலத்தில்தான் காகித ஆலை வேலைக்காக ஊருக்கு வந்தவன். எழுபது பவுண்டு இழுவையும், நாணை முப்பது அங்குலம் இழுக்கிற நீளமும் உள்ள வில் வேண்டும் என்றான். ஆலையில் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம்.

"அது அவங்க கை. நீ உன் கையோடதான வேட்டைக்குப் போற?"

அளவு குறித்த சுவரோரம் நிற்கவைத்துக் கைகளை விரிக்கச் சொன்னார். விரல்நுனி முதல் விரல்நுனி வரை எழுபது அங்குலம். இரண்டரையால் வகுத்தால் அவன் இழுக்க வேண்டிய நீளம் இருபத்தெட்டு. இரண்டு அங்குலம் கூட வைத்தால் நாண் முன்கையை உரித்துவிடும் என்று சொல்லி, எழுபது பவுண்டு வில்லையே கையில் கொடுத்து ஸ்டூலைத் தள்ளினார். வில் கூரைக்கு ஏறியது, ஸ்டூல் பின்னுக்கு வழுக்கியது, கெண்டலின் முகம் சிவந்தது.

"உன் மான் இந்நேரம் கனடா போய்ச் சேர்ந்திருக்கும்."

அதைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த அளவு வில்லை எடுத்தார். மேலும் கீழும் இருக்கும் போல்ட்டுகளை, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே, ஒரே அளவு தளர்த்தினார். இழுவை ஐம்பத்தைந்து பவுண்டுக்கு இறங்கியது. இந்த முறை நாண் நேராகப் பின்னே வந்தது. பாதி தாண்டியதும் பாரம் சட்டென்று கரைய, கெண்டல் திகைத்துப்போய் வில்லின் நுனியைப் பார்த்தான். இரு நுனிகளிலும் இருக்கும் சக்கரங்களைக் காட்டினார் மார்லிஸ். அவை சரியான வட்டமல்ல. அச்சும் நடுவில் இல்லை.

"மேடு தாண்டற வரைக்கும் நீ சொமக்கணும். அப்புறம் சக்கரம் சொமந்துக்கும். இப்ப உன் கையில பதினோரு பவுண்டுதான் இருக்கு. மான் மரத்துக்குப் பின்னாடி நின்னுடுச்சுன்னா, அது வெளிய வர்ற வரைக்கும் நீயும் இழுத்துப் பிடிச்சு நிக்கணுமில்ல, அதுக்குத்தான்."

வில்லைப் பெட்டியில் வைக்குமுன் மஞ்சள் தாள் கட்டை முன்னே நகர்த்தினார். அவரே கோடு போட்டு வைத்தது: எந்த மரம், எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை மணிக்குள் இறங்குவது. வேட்டையாடும் சதுப்பு நிலத்தில் கைப்பேசி எடுக்காது. இதை எழுதிக் கிழித்துக்கொள்ளாமல் இந்த மேசையிலிருந்து யாரும் வில்லோடு போனதில்லை. நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடி வரும்படி, மனைவிக்கோ அண்ணனுக்கோ கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் மார்லிஸும் அவருடைய வேட்டைத் தோழி லோரெய்னும் தங்கள் சீட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். முழங்கால் அறுவைக்குப் பிறகு லோரெய்ன் அரிசோனா போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு விளக்குச் சரம் சுற்றிய கள்ளிச்செடியின் படம் அனுப்புகிறாள். அவள் போனதிலிருந்து மார்லிஸ் தன் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டுகிறார். அந்தக் கதவைத் திறப்பவர் அவர் ஒருவரே.

போன நவம்பரில், பதினைந்து அடி உயரத்தில், வலது தோள் பிடித்துக்கொண்டது. ஏணியில் இறங்க முடியாமல் மூன்று மணிநேரம் பனியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒற்றைக் கையால் இறங்கி வீடு சேர்ந்தபோது, 'ஐந்து மணிக்குள்' என்று எழுதிய சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. தன் வில்லை நாற்பத்திரண்டு பவுண்டுக்கு இறக்கிக்கொண்டார். தோள் இப்போது தாங்குகிறது. ஆனால் வழக்கமாகத் திங்களன்றே எழுதிவிடும் சீட்டை இந்த ஆண்டு வியாழன் வந்தும் எழுதவில்லை. வேட்டைக்குப் போவதா வேண்டாமா என்பது அதில்தான் நின்றுகொண்டிருந்தது.

கெண்டல் எழுதி முடித்துப் பென்சிலைக் கையிலேயே வைத்திருந்தான். "இத யார்கிட்ட குடுக்கறது?" என்றான். ஆலையில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்குமாம், யாருடைய வீடும் தெரியாதாம். பிறகு சீட்டை மேசைமேல் அவர் பக்கம் தள்ளினான். "நீங்களே வச்சுக்கோங்களேன்."

மார்லிஸ் கண்ணாடியைத் தேடி எடுத்து அதை இரண்டு முறை படித்தார். பீவர்கள் மரக்கிளையால் கட்டிய அணைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு, பதிலையும் அதிலேயே எழுதினார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"நீங்க யார்கிட்ட குடுப்பீங்க?"

"ஃப்ரிட்ஜ்கிட்ட."

கெண்டல் சிரித்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெயின்ட் டப்பாக்களைத் தாண்டிக் கதவருகே போய்விட்டான்.

"இரு. மேல் போல்ட்ட சரியாப் பார்த்தேனான்னு சந்தேகமா இருக்கு. கொண்டா."

இந்த மேசையில் அவர் எந்த வில்லையும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. கெண்டலுக்கு முதுகைக் காட்டிப் பெட்டியைத் திறந்தார். போல்ட்டைத் தொடவில்லை. மஞ்சள் தாளில் தன் மரம், ஏறும் நேரம், இறங்கும் நேரம் என மூன்று வரி எழுதினார், கிழித்தார், நான்காக மடித்தார். வில்லைக் கையில் எடுத்ததும் கீழே விழும்படி, நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே வைத்தார்.

"ஒண்ணுமில்ல, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, பெட்டியின் இரண்டு கொக்கிகளையும் கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.