அப்பா சொல்லச் சொன்னாங்க

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா சொல்வதை அம்மாவிடமும், அம்மா சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இருவரும் ஒரே அறையில் இருந்தாலும், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாகவே விழுந்திருந்தாலும், நான் நடுவில் நின்று ஒருமுறை ஒப்பித்தால்தான் அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பதவி நாமக்கல் வட்டாரத்திலேயே இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கை நீட்ட மாட்டார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். எங்களுக்குக் கோழிப்பண்ணை. கோழிகள் முன்னால் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பயந்தால் முட்டை குறைந்துவிடுமாம். கொட்டகைக்குள் நுழையும் முன் அவரே தொண்டையைக் கனைத்துவிட்டு, "நான்தான் வாரேன் சாமி, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டுதான் போவார். அந்த மரியாதை கொட்டகையோடு சரி, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

இப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டியை எப்படி நடத்துகிறான் என்று கணக்கெடுக்க வீடு வீடாக ஆள் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நாங்கள் அதை அப்போதே பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எடுத்து முடித்துவிட்டோம். என் பக்கத்தில் உட்காருபவள் வீட்டிலும் இதே தூது வேலைதான், ஆனால் அக்காவும் அவளும் முறை வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தியின் அப்பா பேசுவார், ஆனால் அவள் அம்மாவுக்கு 'ஒண்ணுந்தெரியாதவ' என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒருத்தியின் அப்பா மட்டும் அவள் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாராம். அவளுக்காக நாங்கள் மிகவும் வருத்தப்பட்டோம். என்ன சீக்கோ என்று.

அந்த வருஷம் என் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நிச்சயதார்த்தத்தன்று நல்ல வெயில். வியர்வையில் அப்பாவின் தலைமுடிச் சாயம் கரைந்து காதோரமாக இறங்கியது. அம்மாவின் சித்தப்பா மகன், "மச்சான், மை ஒழுகுது, தொடைங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். அன்று நிறுத்திய பேச்சுதான்.

அம்மாவுக்கு வந்த கஷ்டம் இதுதான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் இருந்து செய்ய வேண்டிய சீர். கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் வேறொருத்தி வந்து நின்றால் ஊர் வாயை மூட முடியாது. தம்பியைத் தூக்கி வளர்த்த அம்மாவுக்கோ அந்த ஒரு காலைப்பொழுதுதான் பெரிய கனவு.

"தம்பிக்குச் சீர் செய்யப் போலாமான்னு கேளு சாமி" என்று என்னை அனுப்புவாள்.

"அவ இஷ்டம்னு சொல்லு" என்பார் அப்பா.

எங்கள் வீட்டில் 'அவ இஷ்டம்' என்றால் 'கூடாது' என்று அர்த்தம். மறுநாள் அம்மா அவருக்குப் பிடித்த பணியாரம் சுட்டு வைத்துவிட்டு மறுபடியும் அனுப்புவாள். அப்பா பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "அவ இஷ்டம்" என்பார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போது வாசலில் எங்கள் கார் ஹாரன் கேட்டது. நான் ஓடிப்போய், "அப்பா ஹாரன் அடிச்சாங்க" என்று முறைப்படி சேதியைச் சேர்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

ராசிபுரத்தில் மண்டபம். விடிந்ததும் சீர் தொடங்கியது. அம்மா பட்டுச்சேலையில், கழுத்து நிறைய நகையோடு, மாமா பக்கத்தில் நின்றாள். நான் அதுவரை பார்க்காத ஓர் அம்மா. மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார். அவர் முன்னால் இருந்த மைக் அப்படியே நின்றுகொண்டிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். முன்வரிசையில் இருந்த அப்பா என்னைக் கூப்பிட்டுக் காதில் சேதி சொன்னார்.

நான் மேடை ஏறினேன். தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மைக்குக்கு நேராகவே நின்றுகொண்டேன்.

"அம்மா, அப்பா சொல்லச் சொன்னாங்க. பல்லைக் காட்டுனது போதுமாம். சீரு முடிஞ்சதீம் கார்ல வந்து ஏறோணுமாம். இல்லீனா பொறந்த ஊட்டுலயே கெடக்கோணுமாம்."

சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. பாத்திரச் சத்தம்கூட நின்றுபோனது. ஆண்கள் எல்லாரும் அவரவர் கால்விரலைப் பார்த்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "எங்கூட்லயும் இதே சேதிதான் சாமி!" என்றது. இன்னொரு குரல், "எங்கூட்ல சேதி சொல்லக்கூட ஆளில்லை, செவுத்தப் பாத்துத்தான் பேசுவாங்க" என்றது. அவ்வளவுதான், வரிசை வரிசையாகச் சிரிப்பு பற்றிக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் தோளில் சாய்ந்துகொண்டும் அத்தனை பெண்களும் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். எல்லாம் என் உச்சரிப்புக்குக் கிடைத்த பாராட்டு என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவையே நேராகப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். அதுவும் மைக்கில் கேட்டது.

"சொல்றத அவிங்க வாயிலயே வந்து சொல்லச் சொல்லு சாமி. நான் இங்கதான் நிக்கறேன்."

மண்டபமே கேட்டுவிட்டது. ஆனாலும் வேலை வேலைதானே? நான் இறங்கிப்போய் அப்பா முன்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். "பதில் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றும் கேட்டேன். அப்பா எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். வந்து இறங்கியதும் என் மூலம் கொடுத்தனுப்பிய கார் சாவி அம்மாவின் கைப்பையில் இருந்தது. கண்ணால் என்னைத் தேடினார். நான் பெண்கள் நடுவில், யாரோ கொடுத்த ஜிலேபியோடு உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் மேடையோரம் போய், நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவிடம் வாயைத் திறந்தார்.

"சாவி."

"முகூர்த்தம் முடிஞ்சதும் தாரனுங்க" என்றாள் அம்மா. கை பையைத் திறக்கவில்லை. அப்பா போய்த் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

சீர் முடிந்து கூறைச்சேலையைப் பெண்ணின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவோடு நானும் போனேன். மேடை மைக்கில் பேசுவது கேட்பதற்காக அங்கேயும் ஒரு ஒலிபெருக்கி இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. பெரியவர்கள் ஊக்கு தேடி அந்தப் பக்கம் நகர்ந்ததும், புதுப்பெண் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வளையல் நிறைந்த கை, ஜில்லென்று இருந்தது.

"அம்மிணி, உங்க மாமா எப்படி? நல்லாப் பேசுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பாவம், பயந்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய நற்சான்றிதழை யோசித்து எடுத்துக் கொடுத்தேன்.

"பயப்படாதீங்க அத்தை. எங்க மாமா ரொம்ப நல்லவங்க. அப்படியே எங்கப்பாவாட்டம்தானுங்க."

அவள் பிடி இறுகியது. வெளியே முகூர்த்தத்துக்குக் கூப்பிடும் வரை என் கையை விடவே இல்லை. புது அத்தைக்கு என்னை எவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.