இரண்டு சமையலறைக்கு நடுவே ஒரு டிராக்டர்

வண்டியைக் கிளப்புமுன் டிராக்டர் அக்கா ஒரு கம்பியை மண்ணில் குத்துகிறார், எடுக்கிறார், தள்ளிப் போய் மறுபடியும் குத்துகிறார். "அடியில என்ன இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்கம்மா. பைப்பு, வயரு, செத்துப்போன பூனை, எதுவானாலும் பரவாயில்ல. எங்கிட்ட மறைச்சா மாமியார் கண்டுபிடிச்சிடுவா."

மாமியார் என்பது அவருடைய குட்டி டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர். வாயில் விழுந்ததையெல்லாம் பொடியாக்குவதால் அந்தப் பெயர். மேட்டை இழுத்துப் பள்ளத்தில் போட்டு, யார் மனமும் கோணாமல் சமன் செய்யும் மட்டப் பலகை மருமகள். திருகாணி போலச் சுழன்று இறங்கும் ஆகர், நாத்தனார். "குழி பறிக்க அவளை விட்டா ஆளு ஏது?" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். "நானும் ரெண்டு வீட்டுக்கு நாத்தனார்தான். அதனால தைரியமா சொல்லலாம்."

தெருவே அவரை டிராக்டர் அக்கா என்றுதான் அழைக்கிறது. புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, காதுகளில் பஞ்சு. வண்டியை வாங்கியவர் கணவர்தான். ஏறி உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது, சத்தம் ஆகவில்லை என்று இறங்கியவர் திரும்ப ஏறவேயில்லை. "சத்தம் ஆகாதாம். என்னைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் எப்படித்தான் இருக்காரோ!"

வயலுக்குப் போகிற பெரிய வண்டிகள் வீட்டுக் கேட்டுக்குள் நுழையாது. அக்காவின் வண்டி இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். தரையில் கிடக்கும் கருவியை மாட்ட வண்டியைப் பின்னால் எடுத்து வரும்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இரும்போடு இரும்பு முட்டி, காதுப் பஞ்சையும் தாண்டிக் கேட்கும் 'டக்' சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டே வருவார். சத்தம் கேட்டதும் இறங்கி, கருவியை வண்டியோடு பிணைக்கும் பின்னைச் செருகிவிடுவார்.

வீடு கட்டி முடித்த குப்பையோடு கிடந்த எங்கள் கொல்லையைப் புல்தரை ஆக்கித் தந்தவர் அவர்தான். முதல் நாள் ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்திப் பார்த்தார். உருண்டை உடையாமல் நின்றது. "ஈரம் ஜாஸ்தி. இப்ப ஓட்டுனா நீங்க புல்லு வளர்க்க முடியாது, செங்கல் அறுத்துதான் விக்கணும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். காய்ந்த பிறகு வந்து, மேல் மண்ணை மட்டும் தனியாக வழித்து ஓரத்தில் குவித்தார். "இது பூமியோட பாலாடை. இதை அடியில போட்டு மூடிட்டு, புல்லு வரலைன்னு என்னைத் திட்டக் கூடாது, ஆமா." அடி மண்ணைச் சமன் செய்து, கல் பொறுக்கி, கடைசியில் பாலாடையை மேலே பரப்பிக் கொடுத்தார்.

எங்கள் பின்மதிலுக்கு அப்பால் இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அக்காவின் இரண்டு தம்பிகளும் அவற்றில்தான் குடியிருக்கிறார்கள். பின்பக்கம் ஒரே முற்றம். இரண்டு சமையலறைக் கதவுகளும் அதில்தான் திறக்கும். சில மாதங்களாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டிலும் மற்றவர் சொன்ன ஒரு வார்த்தை இருக்கும். கடைசியில் முற்றத்தின் நடுவே வேலி போடுவதென்று இருவரில் பெரியவர் முடிவு செய்து, வெளியாள் ஒருவரின் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.

"எவனோ வந்து என் தம்பிங்களுக்கு நடுவுல குழி பறிக்கிறதா? நானே வரேன்" என்று அக்கா கிளம்பிவிட்டார்.

"உங்களுக்கு மனசு வருமாக்கா?" என்று மதிலருகே நின்று கேட்டேன்.

"வராது. ஆனா வேற வண்டிக்காரன் காட்டின எடத்துல தோண்டிட்டுப் போயிடுவான். நான்னா ரெண்டு பேரையும் வெளிய வரவைக்கலாம்ல?"

பெரியவர் கயிறு கட்டி, டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளை எடுத்து, வேலிக்கால் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து முடித்திருந்தார். அக்கா சாவியைத் திருப்பவில்லை.

"சின்னவனும் வரட்டும்."

"அவன் எதுக்கு?"

"தண்ணி பைப்பு இந்தக் கோட்டைத் தாண்டித்தானே ரெண்டு வீட்டுக்கும் போகுது? புதைச்சது நீங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் வந்து காட்டுங்க. இல்லாம வண்டி நகராது."

சின்னவர் வந்தார். அண்ணனைப் பார்க்காமல் டிராக்டரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, பைப்பு இந்த எடத்துல வளையுதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"நேராத்தான் போகுதுன்னு அவனுக்குச் சொல்லுக்கா."

"நான் என்னடா, தபால்காரியா? ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?"

சின்னவருக்குப் பொறுக்கவில்லை. "நேரா எப்படிப் போகும்? நடுவுல பாறை இருந்துச்சு. கடப்பாறை நழுவி உன் கால்ல விழுந்துச்சே, அதுக்கப்புறம்தானே வளைச்சோம்?"

பெரியவர் தம் வலது காலைக் குனிந்து பார்த்தார். "அந்த நகம் இன்னும் ஒழுங்கா வளரல" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

சின்னவர் மண்வெட்டியால் மெல்லச் சுரண்டினார். அவர் சொன்ன இடத்திலேயே குழாய் வளைந்து கிடந்தது. பெரியவர் இரண்டு புள்ளிகளை அழித்து, சற்றுத் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் போய் நின்றுகொண்டார்கள். சமையலறைக் கதவுகளில் இருவருடைய மனைவிமாரும் நின்றார்கள்.

ஆகர் இறங்கியது. சுருள் சுருளாக மண் வெளியே வந்தது. ஒரு குழி, அடுத்த குழி, அதற்கடுத்தது. எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும் அக்கா அன்று உதட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினார். சட்டைக் கையால் அடிக்கடி முகத்தைத் துடைத்தார். புழுதிக்கு என்றுதான் நானும் எண்ணிக்கொண்டேன்.

சமையலறைக் கதவுகளுக்கு நேர் நடுவே வந்ததும் வண்டி நின்றது. அங்கே, ஒரு கதவிலிருந்து மறு கதவுக்குக் கிண்ணமும் குழந்தையும் ஊர்க்கதையும் போய் வந்து, புல்லே முளைக்காத ஒற்றையடித் தடம் ஒன்று இருக்கிறது. அதன் மேல்தான் அடுத்த வெள்ளைப் புள்ளி.

அக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். செருப்புக் காலால் அந்தப் புள்ளியைத் தேய்த்து அழித்தார்.

"இந்த எடத்துல மண்ணு ரொம்ப இறுகிக் கெடக்கு. எறங்காது" என்றார்.

இதைவிடக் கெட்டித் தரையில் அந்த வண்டி குழி போட்டதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பெரியவர் டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு அழிந்த இடத்துக்கு வந்தார். அக்கா நகரவில்லை. சின்னவர் அண்ணனின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கையிலிருந்த சுண்ணாம்பை டப்பாவிலேயே உதறிவிட்டு, மூடியை அழுத்தி மூடினார்.