பிறந்தநாளுக்குக் கிடைக்காத தான்சாக்

அபுதாபியில் அப்போது ஊரே ஆட்டுக்கறி வேகவைக்கிற நாள் வெள்ளிக்கிழமை. விடுமுறை அன்றுதான். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குத்தான் கவுச்சி கூடாது. ஊரிலிருந்து கிளம்பும்போது மிக்சியையே மறந்துவிட்டு வந்த அம்மா, வெள்ளிக்கிழமை விரதத்தை மட்டும் மறக்காமல் கொண்டு வந்திருந்தாள். முசஃபா பட்டறையில் ஆறு நாள் வெந்துவிட்டு வரும் அப்பாவே கத்தரிக்காய் சாம்பாரை முணுமுணுக்காமல் சாப்பிடும்போது, ஒன்பது வயதுப் பையன் புரட்சியெல்லாம் செய்ய முடியாது. திருட்டுத்தனம்தான் செய்ய முடியும்.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு பார்சி ஆன்ட்டியும் அங்கிளும் இருந்தார்கள். பம்பாய்க்காரர்கள், பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் அங்கே தான்சாக் கொதிக்கும். பருப்பு, பூசணி, கத்தரிக்காய், வெந்தயக்கீரை எல்லாம் ஆட்டுக்கறியோடு கரைந்து கிடக்கிற குழம்பு. தொட்டுக்கொள்ள அல்ல, பிசைந்து அடிக்க. கூடவே, சர்க்கரையைக் கருக்கி நிறமேற்றிய பழுப்புச் சோறு. கேரம் ஆடப் போகிறேன் என்று கிளம்பிவிடுவேன்.

"அங்க என்னடா சாப்பிட்ட?"

"பருப்புச் சோறும்மா."

பொய்யே இல்லை. பருப்புக்குள் ஆடு விழுந்ததற்கு நானா பொறுப்பு? கையை மட்டும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன்.

சாப்பாடு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வீட்டில் எனக்கு எல்லாமே வேடிக்கைதான். கோயில் பக்கத்தில் எங்கும் இல்லாததால் வீட்டிலேயே ஒரு அலமாரியில் தாடிக்காரப் பெரியவர் படம், அதன் முன்னால் கண்ணாடிக் கிளாசில் எண்ணெய் விளக்கு. சாயங்காலமானால் ஆன்ட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அறை அறையாகச் சாம்பிராணிப் புகை காட்டுவார். அங்கிள் இடுப்பில் கட்டியிருக்கும் கம்பளிக் கயிற்றை அவிழ்த்து, ஏதோ முணுமுணுத்தபடி திரும்பக் கட்டுவார். நானும் வீட்டில் பைஜாமா நாடாவை அவிழ்த்து, முணுமுணுத்துப் பார்த்தேன். பைஜாமா கீழே விழுந்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அவர்கள் வாசல். ஓட்டை போட்ட தகரப் பெட்டியில் சுண்ணப்பொடியை நிரப்பி ஆன்ட்டி ஒரு தட்டுத் தட்டினால் தரையில் மீன்கள் நீந்தும். எதிரே அம்மாவின் கோலம். இரண்டையும் பத்து மணிக்குள் துடைத்துத் தள்ளுவது கட்டடக் காவல்காரரான நாத்தூர் பாயின் வேலை. "பாபி, ரோஜ் ரோஜ் க்யோன்?" தினம் தினம் எதற்கு அண்ணி என்று அவர் அழாத குறையாகக் கேட்பார். மறுநாளும் இருவரும் போடுவார்கள். அவரும் துடைப்பார்.

அந்த வருடம் என் பிறந்தநாள் திங்கட்கிழமை வந்தது. அம்மாவுக்கு முன்னாலேயே, தலைநிமிர்ந்து கறி தின்னக்கூடிய நாள். "என்ன வேணும் டிக்ரா?" என்றார் ஆன்ட்டி. அவர் பாஷையில் டிக்ரா என்றால் மகன். பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாக அவர் பேசியது என் நினைவில் தமிழாகிவிட்டது.

"தான்சாக்!"

ஆன்ட்டி என் வாயைப் பொத்தினார். "நல்ல நாளும் அதுவுமா தான்சாக்கா? மீன் பண்றேன், சேமியா பண்றேன். அது மட்டும் கேக்காத."

"ஏன்?"

"ஏன்னா, அப்படித்தான். வழக்கம்."

மணைமேல் நிற்கவைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, மாலை போட்டு, இனிப்புச் சேமியாவும் தயிரும் கொடுத்தார்கள். மாலையோடு நின்றபடியே ஆன்ட்டியுடன் காய் விட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வீட்டுக்கு அது பெரிய தண்டனை என்பது என் கணக்கு.

பிறகு ஒரு புதன்கிழமை. ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி மாடியேறினால், தாழ்வாரம் முழுக்க தான்சாக் வாசனை. புதன்கிழமை! எனக்குப் புரிந்துவிட்டது. ஆன்ட்டி மனம் திருந்திவிட்டார். பையோடு போய் பெல் அடித்தேன்.

அங்கிள் திறந்தார். வேலைநாளில் அவர் ஏன் வீட்டில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "வா வா," என்று கையைப் பிடித்து இழுத்தார். "நீ வந்தா இவளும் சாப்பிடுவா."

மேசையில் எல்லாம் பரிமாறி ஆறிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகத்தானே செஞ்சீங்க?"

ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் தண்ணீர் குடித்தார்.

"ஆமா டிக்ரா. உனக்காகத்தான்."

"அப்ப பர்த்டேக்குச் செய்யாததுக்கு ஸாரி சொல்லுங்க."

"ஸாரி டிக்ரா."

"பரவால்ல," என்று பெருந்தன்மையாக உட்கார்ந்தேன். விளக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிழவியின் படம், அதன் முன்னால் கிளாசில் ரோஜாக்கள். வாய் நிறையச் சோற்றோடு யாரென்று கேட்டேன். "என் அம்மா," என்றார் ஆன்ட்டி.

"உங்களைவிட அழகா இருக்காங்க."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அங்கிள் எதற்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இரண்டாம் முறை வைக்கும்போது ஆன்ட்டியும் கொஞ்சம் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா, "கையக் காட்டுடா," என்றாள். அவசரத்தில் சோப்பை மறந்திருந்தேன். முகர்ந்து பார்த்தாள். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆன்ட்டி சாப்பிட்டாங்களா?"

"ம். ரெண்டு தடவை."

அம்மா என் கையை விட்டாள். "போ, வெள்ளிக்கிழமை கழுவுவியே, அந்த மாதிரி நல்லாக் கழுவு."

பல வருடம் கழித்து, வேலை பார்த்த இடத்துக் கேன்டீனில் ஒரு பார்சி நண்பன் சொல்லித்தான் வழக்கம் தெரிந்தது. வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் கறி கிடையாது. நான்காம் நாள் தான்சாக் சமைத்துச் சாப்பிட்டு அதை முடிப்பார்கள். அதனால்தான் பிறந்தநாள் மாதிரி நல்ல நாளில் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. நான் ஸாரி கேட்டு வாங்கியது யாரிடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நாலு நாளும் ஆன்ட்டி வாசலில் மீன்கள் இல்லை. எங்கள் வாசலிலும் கோலம் இல்லை. நாத்தூர் பாய் ஒருவழியாக ஜெயித்துவிட்டார் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.