எதைக் கேட்டாலும் எஸ் சார்

என் தவறுக்காக இன்னொருவர் வேலையை இழந்தார். நான் வாய் திறந்திருந்தால் அது நடந்திருக்காது. ஐம்பதுகளின் கடைசியில், திருச்சியில் ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம்.

மேனேஜர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. குடோனைப் பார்த்துக்கொள்ள உப்பிலியபுரத்திலிருந்து ஓர் இளைஞர் புதிதாகச் சேர்ந்திருந்தார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பார். யாராவது பேசினால் திணறிப்போவார். நான் பி.ஏ. என்பதால் சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும்.

"அண்ணே, 'ஐ ஆம் அஃப்ரெய்ட், லாரி லேட்'ங்கறாரு. லாரி லேட்டா வந்தா இவர் ஏன் பயப்படறாரு?"

"பயமெல்லாம் இல்லைய்யா. பிடிக்காத சேதியை அப்படித்தான் சொல்லுவாங்க."

"என் வேலையைப் பார்த்து 'நாட் பேட்'னாரே, சுமாருன்னுதானே அர்த்தம்?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நல்லா இருந்தா அதைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். எனக்கும் விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், "எதைக் கேட்டாலும் எஸ் சார்னு சொல்லிடு, பொழைச்சுக்குவே" என்றேன். அவரும் அப்படியே பழகிக்கொண்டார்.

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் அவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. குடோனைப் பூட்டும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனார். ஸ்ரீரங்கத்தில் என் வீடு நிறைய விருந்தாளிகள். பஸ்ஸில் கூட்டம் சேர்வதற்குள் ஏறிவிடும் அவசரத்தில் கதவைப் பூட்டினேனே தவிர, ஜன்னல்களைச் சாத்த மறந்துவிட்டேன். அன்று பெய்த மழையில் சிமெண்ட் மூட்டைகள் கல்லாய் இறுகிப்போயின.

ஏகாதசி கழிந்த மறுநாள், ஜன்னலைத் திறந்து போட்டது நீதானா என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரிடம் இங்கிலீஷில் கத்தினார். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "எஸ் சார்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள்.

சில மாதங்கள் மனதில் வைத்துப் புழுங்கிவிட்டு, மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். வாங்க வேண்டிய வசவையெல்லாம் வாங்கினேன். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள மேனேஜர் சம்மதித்தார். விசாரித்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு வெங்காய மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கு அவர் என்னதாண்ணே கேட்டாரு? மூட்டை நனைஞ்சதைப் பார்த்தியான்னு கேக்கறாருன்னுல்ல நினைச்சேன்."

மேனேஜர் கேட்டதைத் தமிழில் சொன்னேன். அவர் தராசிலிருந்து கையை எடுத்தார்.

"தப்பாச் சொன்னா நீங்க திருத்துவீங்கன்னுதாண்ணே உங்க மூஞ்சியைப் பார்த்தேன்."

வேலைக்கு வரச்சொல்லிக் கெஞ்சினேன். "வேண்டாண்ணே. இங்க மண்டிக்காரர் திட்டினா, எதுக்குத் திட்டறாருன்னாவது புரியுது" என்று சொல்லி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதன்பின் மார்க்கெட்டில் எப்போது பார்த்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ஆனால் ஒரு வார்த்தைக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டதில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டாரா இல்லையா என்பது இந்த வயதிலும் எனக்குப் புரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவும் கடைசிவரை எனக்கு வரவில்லை.