மதிலில் ஒரு கதவு

பம்மலில் ஜோஷ்வா சாருக்கு நான் வடிவமைத்த வீட்டின் தெருப்பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் என்பதால் பூச்சில்லாத கான்கிரீட்டாக விட்டு, ஜன்னல்களை உள்முற்றத்தைப் பார்த்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாளுக்கு அது வீடாகவே படவில்லை.

“சன்னல் இல்லாத வூட்ல எவன் குடித்தனம் பண்ணுவான்? தோல் கம்பெனி ஷெட்டுதான் இப்டி கீது.”

அவர் கல்யாணமாகி வந்தபோது அந்தக் குடும்பத்துக்கு வயலும் கிணறும் இருந்தன. அருகில் வந்த தோல் ஆலையின் கழிவு இறங்கிக் கிணற்று நீர் பழுப்பாகிவிட்டது. வயலை மனை போட்டு விற்றார்கள். இப்போது மிச்ச மனையில் ஆழமாகப் போட்ட போர் தண்ணீரைத்தான் அவரும் அவருடைய வாடகைக் குடித்தனங்களும் குடிக்கிறார்கள். அந்த போருக்கு அருகே, இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலுக்கு இந்தப் பக்கம், எங்கள் ஆட்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்க உறைகிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாடியில விழற மழைத்தண்ணி மட்டும்தான் இதுல இறங்கும்” என்றேன்.

“தோல் கம்பெனிக்காரனுங்களும் இப்டித்தான் இன்னாத்தையோ சொன்னானுங்க.”

ஜோஷ்வா சார் சிரித்தார். “அக்கா, நான் பேங்க்ல வேலை பாக்குறேன். தோல்னா எனக்குச் செருப்பு வாங்கத்தான் தெரியும்.”

“அந்தச் செருப்பு எங்கேர்ந்து வர்து?”

குழாய் வேலை முடிந்த அன்று கங்கையம்மாள் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரோடு வந்து மாடியில் ஊற்றச் சொன்னார். உறைகிணற்றுக்குள் மஞ்சளாக விழுந்தது. பிறகு குங்குமத்தைக் கரைத்து, சமையலறையிலும் குளியலறைகளிலும் தன் கையாலேயே ஊற்றிவிட்டு, அந்தக் கழிவுநீரும் இதில் வருகிறதா என்று பார்க்கக் கிணற்றடியில் வந்து குந்தினார். கொடுத்த டீ ஆறிப்போனது. சிவப்பு வரவில்லை.

“இன்னிக்கு வர்ல” என்றார்.

என் வரைபடப்படி அந்தக் கிணற்றுக்கு மேலே கான்கிரீட் தளம் வரவேண்டும். அதைக் கேட்டதும் அவர் எழுந்துகொண்டார்.

“மூடிட்டா நான் எப்டி பாக்கறது?”

“தினமும் என் காம்பவுண்டுக்குள்ள வருவீங்களா?” என்றார் ஜோஷ்வா சார்.

“தினமும் எதுக்கு? மழ பேஞ்சா வருவேன். நம்பிக்கை வந்தா நிறுத்திக்கறேன்.”

அந்த இடத்தில் தளத்தைத் தவிர்த்துவிட்டு, கையால் தூக்கும்படி ஒரு மூடியும், மதிலில் சின்ன இரும்புக் கதவும் வரைந்தேன். ஜோஷ்வா சார் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் பெரிய மழை பெய்து ஓய்ந்ததும் ஜோஷ்வா சார் போன் செய்தார்.

“அக்கா வந்தாங்க. தண்ணிய அள்ளி மோந்து பாத்தாங்க. போறப்ப வாசல்ல கிடந்த என் செருப்பைத் திருப்பிப் பாத்துட்டு, எங்க வாங்கினேன்னு கேட்டுட்டுப் போறாங்க.”