பதினாலு புளியங்கொட்டை

“…அப்போ எங்க ஊருக்கு அரை ஆள அனுப்புவீங்களா? தலை மட்டும் வருமா, காலு மட்டும் வருமாண்ணா?”

கூட்டமே சிரித்துவிட்டது. கேட்டது கடைசி ஊர்க்காரம்மா. ஜவ்வாது மலையில் எங்கள் புளி, சாமை விவசாயிகள் சங்கத்தில் மூன்று ஊர் சேர்ந்திருக்கிறது. பெயரெல்லாம் வேண்டாம், பெரிய ஊர், நடு ஊர், கடைசி ஊர் என்றே வைத்துக்கொள்வோம். கடைசி ஊரில் உறுப்பினர் பன்னிரண்டே பேர். சங்கத்துச் சரக்கை மலையடிவாரத்து ஒடுகத்தூர் மண்டிக்கு இறக்கும் மினி வேன் டிரைவர் நான். எனக்கு ஓட்டு கிடையாது, வாய் மட்டும் உண்டு.

அந்தம்மா பேசுவதை எழுதிவைக்கவே வண்டியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். “எங்க மூட்டைக்கு மட்டும் காலு மொளச்சா நான் ஏன் உங்கள்ட்ட வந்து நிக்கறேன்?” என்று ஒருமுறை சொன்னார். உண்மைதான். வேன் பெரிய ஊரோடு நின்றுவிடும். கடைசி ஊர்க்காரர்கள் ஓடையைத் தாண்டித் தலைச்சுமையாகப் புளி கொண்டுவர வேண்டும். வேன் எங்கே போகும் என்று தீர்மானிப்பது ஏழு பேர் கமிட்டி. ஏழு பேரும் எப்போதும் பெரிய ஊர்தான். ஆளுக்கு ஏழு பேருக்கு ஓட்டுப் போடச் சொன்னால் தலை அதிகம் உள்ள ஊர் ஏழையும் அள்ளிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? இந்த வருஷம் நடு ஊர், “எங்களுக்கும் ஆளு இல்லன்னா சங்கமே வேணாம்” என்று கிளம்பிவிட்டது. அவர்கள் புளி இல்லாவிட்டால் வண்டி நிறையாது. சங்கத் தலைவர் இறங்கிவந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மண்டியில் காத்துக் கிடக்கிற நேரத்தில் ஃபோனில் பார்த்திருந்தேன், சில நாட்டு நாடாளுமன்றத்தில் கட்சி வாங்கின ஓட்டுக்குத் தக்கபடியே சீட்டுக் கொடுக்கிறார்கள். பாதி ஓட்டு வாங்கினால் பாதி சீட்டு. ஜெயித்தவன் முழுசும், தோற்றவன் வெறுங்கை என்ற பேச்சே இல்லை. எட்டாவதோடு நின்றவன் நான். டிரைவர் சீட்டில் புளியங்கொட்டையைப் பரப்பி ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பிடிபட்ட அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

இதைக் கூட்டத்தில் சொன்னதும்தான் அந்தம்மா அரை ஆள் கேள்வியைப் போட்டார். “அரை ஆளு இல்லம்மா, கேளுங்க,” என்றேன். “இன்னிக்கு வந்திருக்கிறது இருநூத்திப் பத்து பேரு. சீட்டு ஏழு. ஏழால வகுத்தா முப்பது. ஊருக்கு ஒரு பானை, ஆளுக்கு ஒரு கொட்டை, எந்த ஊர்ப் பானைல வேணா போடலாம். முப்பது சேந்தா ஒரு சீட்டு. அப்படிக் குடுத்தும் சீட்டு மிஞ்சுனா, யார் பானைல மீதி அதிகமோ அவங்களுக்கு.”

“எங்களது மொத்தமும் மீதிதானே!” என்றார் அந்தம்மா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஓட்டு முடிந்ததும் சாமை அளப்பதில் கைதேர்ந்த நடு ஊர் மாமாவைக் கூப்பிட்டோம். ஒவ்வொன்றாக எண்ண யாருக்கும் பொறுமை இல்லை. சரியாக முப்பது கொட்டை பிடிக்கிற ஒரு குழிக்கரண்டி கிடைத்தது. மாமா தன் ஊர்ப் பானையை முதலில் அளந்தார். இரண்டு கரண்டி, மீதி மூன்று. பெரிய ஊர்ப் பானையில் நாலு கரண்டி, மீதி ஐந்து. ஆறு சீட்டு போய்விட்டது, மிச்சம் ஒன்று. கடைசி ஊர்ப் பானையைக் கவிழ்த்தார். கரண்டி பாதிகூட நிறையவில்லை. ஆனால் பதினாலு!

“ஐந்து எங்கே, பதினாலு எங்கே! சீட்டு உங்களுக்குத்தாம்மா!” என்று நான் குதித்தேன். விசில் பறந்தது.

அந்தம்மா மட்டும் நகரவில்லை. “மாமா, பெரிய ஊருக்கு இன்னாத்துக்கு அப்படி அளந்தீங்க?”

மாமா விழித்தார். “எப்படி அளந்தேன்?”

“உங்க ஊருக்குத் தலை தட்டி அளந்தீங்க. அவங்களுக்குக் கோபுரமா குவிச்சு அளந்தீங்க.”

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் மலையில் அடுத்த ஊர்க்காரருக்கு அளக்கும்போது யாரும் தலை தட்ட மாட்டார்கள், அது மரியாதையில்லை. கை தன் பழக்கத்தில் குவித்துவிட்டது. கரண்டிக்கு முப்பதுக்கு மேலேயே போயிருக்கிறது. அப்படியானால் பெரிய ஊருக்கு மீதி இன்னும் கூடும். பதினாலைத் தாண்டினால் சீட்டு போச்சு. அந்தம்மா காதருகே போய், “கம்முனு இருந்திருக்கலாமில்ல?” என்றேன்.

“அப்பறம் நாளைக்கு ‘குவிச்சதுல வந்த சீட்டு’ன்னு சொல்லிக்காட்டுவாங்க. எண்ணுங்கண்ணா.”

கரண்டியை எடுத்து ஓரமாகப் போட்டோம். தலைவரே தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பெரிய ஊர்க் கொட்டையை முப்பது முப்பதாகக் கூறு கட்டினார். நாலு கூறு சேர்ந்தது. மீதியை ஒவ்வொன்றாக நகர்த்த, மொத்தக் கூட்டமும் சேர்ந்து கத்தியது. ஒன்பது. பத்து. பதினொன்று. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு. பதிமூன்று.

தலைவர் தரையைத் தடவிப் பார்த்தார். பாயைத் தூக்கி உதறினார். ஒன்றும் இல்லை. பதிமூன்றுதான்.

ஒரே ஒரு கொட்டை வித்தியாசம்! தலைவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “ஏழாவது சீட்டு கடைசி ஊருக்கு. உக்காரும்மா,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தம்மா அதற்குள் தன் கொட்டைகளைத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். “எங்க ஊரு பன்னெண்டு பேருதானே. மீதி ரெண்டு யாரு போட்டீங்க?”

பெரிய ஊர்ப் பெண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நாற்காலி காலியாகவே கிடந்தது. அந்தம்மா பதினாலு கொட்டையையும் முந்தானையில் முடிந்துகொண்டு நேராக என் வேனுக்கு நடந்தார். முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் தன் ஊரை நோக்கிக் கையைக் காட்டிவிட்டு, எட்டி என் ஹாரனை அழுத்தினார்.